மெர்லிண்டா இல்லாத ஒன்பது நாள்

வேலை அனுமதி கேட்டதற்குக் கனடா குடிவரவு இலாகா அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் மொத்தம் பதினோரு வரிதான். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ரெனாந்தே அதை எத்தனை தடவை படித்தான் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஏழாவது வரியில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டான். 'உங்கள் மனைவியின் முதலாளி தந்த கடிதத்தில் கண்டுள்ள பணிகள் மேற்பார்வைப் பணிகளாகத் தெரியவில்லை.'

மனைவி மெர்லிண்டாவின் வேலை பர்மிட்டில் மேற்பார்வையாளர் என்றே அச்சடித்திருந்தது. மேற்பார்வையாளரின் கணவன் என்றால் அவனுக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு. வெறும் உதவியாளின் கணவன் என்றால் கிடையாது; வீட்டில் உட்கார்ந்து சோறு வடிக்கலாம். பர்மிட் ஒன்று சொல்ல, கடிதம் வேறு பாட்டுப் பாடியதில் அதிகாரி கடிதத்தை நம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதியவர்களைச் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு கண்டம் வேறு. விண்ணப்பிக்கும் நாளில் மனைவியின் பர்மிட்டில் பதினாறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைவரை அது இருக்கிறது. சனிக்கிழமை இருக்காது. மாதக் கடைசியில் ரெனாந்தேவின் விருந்தாளி விசாவும் முடிகிறது. அப்புறம் அவன் சொந்த ஊரான இலோயிலோவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவள் மானிடோபா பனியில், அவன் அங்கே வெயிலில், நடுவில் போன். நாலு வருஷம் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். ஐந்தாவது வருஷத்துக்கு அவனிடம் தெம்பு இல்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். நோய் தொற்றக்கூடாதென்று பன்றிப் பண்ணைக்குள் நுழையும்போது ஒரு குளியல், வெளியே வரும்போது ஒரு குளியல் என்பதால் எப்போதும் சோப்பு வாசனையோடுதான் வருவாள். கோட்டைக் கழற்றுவதற்குள் அவன் கடிதத்தை நீட்டினான். வீட்டில் அவள் அவனுக்கு இந்தாய், அவன் அவளுக்குத் தோத்தோ; அவர்கள் ஊர்ச் செல்லப் பேர்.

"இந்தாய், இதை யாரு எழுதினது?"

"நான்தான். மொதலாளி, நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்னாரு."

"'பன்றிப் பண்ணையில் உதவுகிறார்.' இதான் நீ பாக்குற வேலையா?"

"மொதல்ல 'நன்றாக உதவுகிறார்'னுதான் எழுதியிருந்தேன். 'நன்றாக' கொஞ்சம் அதிகம்னு அவரு அடிச்சுட்டாரு. எனக்கும் சரின்னு பட்டுது."

ரெனாந்தே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டாயிரத்து நானூறு தாய்ப்பன்னி இருக்கு. ஏழு பேரு உன்னைக் கேக்காம ஒரு கதவைத் தொறக்க மாட்டேங்குறான். சோறு திங்கும்போதுகூட போன் அடிச்சு உசுரை வாங்குறானுங்க. நீ என்னடான்னா உதவுறியா?"

"ஏழு இல்ல, ஆறு. ஒருத்தன் ஞாயித்துக்கெழமை மட்டும்தான் வருவான்."

"ஆறே இருக்கட்டும். அந்த ஆறு பேருக்கு நீ யாரு?"

"கூடமாட ஒத்தாசைதான், தோத்தோ. எல்லாரும் சேந்துதானே செய்யுறோம். நான்தான் எல்லாம்னு எழுதச் சொல்றியா? ஹம்போக்னு காறித் துப்ப மாட்டாங்களா?"

அவர்கள் ஊரில் ஒருவனைத் திருடன் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். ஹம்போக், பெருமை பீற்றுகிறவன் என்று பேர் வந்துவிட்டால் அவன் சாவுக்குக்கூட ஆள் சேராது. ரெனாந்தேவுக்கும் இது தெரியும். ஆனால் இலோயிலோவில் காறித் துப்புவார்களே என்று பயந்து கனடாவில் கையை வெட்டிக்கொள்கிற பெண்ணை என்ன செய்வது?

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைப் பிடித்து உட்கார வைத்து, காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, இன்னொரு கடிதம் எழுதச் சொன்னான். முக்கால் மணி நேரம் எழுதினாள். எழுதினாள், அடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் வெட்கத்தோடு நீட்டினாள். 'பன்றிப் பண்ணையில் தினமும் உதவுகிறார்' என்றிருந்தது.

"'தினமும்' சேத்திருக்கேன்" என்றாள்.

பேசினால் சண்டை வரும். மீனைப் பொரிக்கப் போனான்.

வியாழக்கிழமை காலை, உருகிய பனியும் சேறுமான பாதையில் ஆறு கிலோமீட்டர் நடந்து முதலாளி வீபேயின் வீட்டுக்குப் போனான். வாசல் கேட்டின் கீல் ஒரு பக்கம் விட்டுப்போய்க் கம்பியால் கட்டிக் கிடந்தது. ஊரில் ஆறு ஆட்களை வைத்து ஜீப்னி வண்டிக்குக் கூடு கட்டின வெல்டர் அவன். அந்தக் கீலைப் பார்த்ததும் கை அரித்தது. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அனுமதி இல்லாதவன் அடுத்தவன் கேட்டைத் தொடக்கூடாது, காசு வாங்காவிட்டாலும் அது வேலைதான் என்று வினிபெக்கிலிருக்கும் விசா ஆலோசகர் அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தார். பத்து மாதமாக இந்த ஊரில் அவன் பார்க்கிற ஒவ்வொரு ஓட்டைக் கேட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான்.

வீபேக்கு அறுபது வயதிருக்கும். மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். சாப்பாட்டு மேஜையில் சூரியகாந்தி விதையை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அகாத்தா காபியும் ரொட்டியும் ப்ளம் ஜாமும் கொண்டுவந்து வைத்தாள்.

"சார், அந்தக் கடிதம்" என்று ஆரம்பித்தான் ரெனாந்தே.

"சார் வேண்டாம், தம்பி. இஸ்பிராந்த்னு கூப்பிடு. நமக்குள்ள ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு இல்லை."

"அதுதாங்க இப்பப் பிரச்சினையே. அவ மேலன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் இங்க இருக்க முடியும்."

வீபே விதையை உடைப்பதை நிறுத்தினார். "மெர்லிண்டா நல்ல உதவியாள். எங்க சபையில ஒருத்தரை அதுக்கு மேல சொல்ல மாட்டோம். என்னைக் கேட்டா நானும் இங்க உதவியாள்தான்."

"பண்ணை உங்க பேர்லதானே இருக்கு?"

"பேர் இருக்கு. நடத்துறது நானில்லை." அவர் கண் கூரையைப் பார்த்தது. "அவளும் இல்லை. ஒரு மனுஷரைப் புகழ்ந்து காகிதத்துல எழுதுறது எனக்கு ஒத்துவராது. அவளுக்கும் அது நல்லதில்லை."

வீட்டில் ஒரு அடக்கம், இங்கே ஒரு அடக்கம். இரண்டு அடக்கமும் சேர்ந்து தன்னை அடக்கம் பண்ணாமல் விடாது என்று ரெனாந்தேவுக்குத் தோன்றியது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. மரியாதையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"நல்லதுங்க. அவ ஒரு ஆளே இல்லை. போன வருஷம் குடல்வால் ஆபரேஷன்னு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலயும் வீட்டுலயும் கெடந்தாளே, அப்பவும் உங்க பண்ணை ஜம்முனுதானே ஓடிருக்கும். ஒத்தாசைக்கு ஒரு ஆள் கொறஞ்சா என்ன இப்போ?"

வீபேயின் முகம் மாறியது.

"ஜம்முனா? யார் சொன்னது ஜம்முன்னு? மொதல் நாளே எந்தப் பன்றியை எந்த அறைக்கு மாத்தணும்னு ஒருத்தனுக்கும் தெரியலை. அந்தப் பட்டியலை அவதான் ஞாயித்துக்கிழமை போடுவா. ரெண்டாம் நாள் தடுப்பூசி போடுற முறை யாருக்குன்னு ரெண்டு பேர் அடிதடிக்குப் போயிட்டாங்க. யாருக்கு எந்த வேலைன்னு பிரிக்கிறதும் அவதான். தீவனத்துக்கு நான் சொல்லி அனுப்பினேன், தப்பான தீவனம் வந்துச்சு. புதுசா சேந்த பையனுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லாம அவன் நாலாம் நாள் ஓடிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் அஞ்சாம் நாள்." அவர் குரல் இறங்கியது. "பிரசவக் கொட்டகையில ஒரு அறை முழுக்கச் சூட்டு விளக்கு அணைஞ்சு போச்சு. காலையில விளக்கை ஒவ்வொண்ணாப் பார்க்கணும்னே எங்களுக்குத் தோணலை. அவ பார்ப்பா. அதனால யாரும் பார்க்கலை. குளிர்ல நாப்பத்தியோரு குட்டி செத்துப்போச்சு. நான் அங்கேயே நடைபாதையில உக்காந்து அழுதேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள் அகாத்தா.

ரெனாந்தே காபியைத் தள்ளி வைத்தான். "இதை எழுதுங்க."

"எதை?"

"இப்பச் சொன்னீங்களே, இதை. ஒன்பது நாளையும்."

"இது என்னோட கேவலம், தம்பி."

"உங்க கேவலத்தை எழுதுறது பாவமா? அவளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வேண்டாம். அவ இல்லாதப்ப நீங்க பட்டதை மட்டும் எழுதுங்க."

வீபே விதைத் தோலையெல்லாம் ஓரமாக ஒதுக்கி மேஜையில் இடம் பண்ணினார். தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் அவர் சபைக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. சொல்லப்போனால் அதைத்தான் வாரா வாரம் எதிர்பார்க்கிறார்கள். அகாத்தா காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இரண்டு பக்கம் எழுதினார். அடிக்கவில்லை, திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, முதுகிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மெர்லிண்டா அரைநாள் விடுப்பில் வந்தாள். எல்லாக் காகிதத்தையும் கணினியில் ஏற்றியாயிற்று. கடைசியாக அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்தை வேகமாகப் புரட்டினாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து நின்றாள்.

"நாப்பத்தியோரு குட்டி."

"ஆமா."

"நான் திரும்பி வந்தப்ப ஒருத்தரும் சொல்லலை. விளக்கை மாத்தி, அறையைக் கழுவி வெச்சுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நின்னாங்க. எந்த அறை? இப்பவே அவரைக் கேக்கணும், போனைக் குடு."

"இந்தாய், மொதல்ல அந்தப் பொத்தானை அமுக்கு."

"அதெப்படி ஒரு அறை முழுக்க அணையும்? யாரு முறை அன்னிக்கு?"

"அமுக்கு."

அவள் அழுதுகொண்டே அமுக்கினாள். அப்போது மணி இரண்டே கால். ரெனாந்தேவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. குட்டிகளுக்காக அழுகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் வந்து சேர்ந்ததென்று திரையில் தெரியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருந்ததால் விசா முடிந்த பிறகும் அவன் அங்கேயே இருக்க முடிந்தது. ஏழு வாரம் கழித்து அனுமதி வந்தது. முதல் தடவை ஏன் மறுத்தோம் என்று பதினோரு வரி எழுதியவர்கள், இந்தத் தடவை ஏன் கொடுத்தோம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாளே வீபே ஆளனுப்பினார். முதல் வேலை அந்தக் கேட். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் பிரசவக் கொட்டகையின் இரும்புக் கூண்டுகள். நூற்றுக்கு மேல் இணைப்பு விட்டுக் கிடந்தன. குளித்து, பண்ணை உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போன முதல் காலையில் ரெனாந்தே ஒரு குரலைக் கேட்டுத் திகைத்து நின்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் கேட்டிராத குரல்.

"மூணாம் அறை யாரு பாத்தது? பாத்தியா, பாத்த மாதிரி இருந்தியா? கையை வெச்சுப் பாரு. ஏய் வெல்டர், எங்க நிக்குற? பக்கத்துக் கூண்டுல குட்டி இருக்கு, நெருப்புப் பறக்கும். மொதல்ல பலகையை வையி."

வைத்தான். ஆறு பேர் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ஏழாவது ஆளும் அன்றைக்குத்தானா வர வேண்டும்.

ஒரு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு கூண்டைச் சரிசெய்தான். எந்தக் கூண்டு எப்போது விட்டுப்போகும் என்று கை வைத்தாலே தெரிந்தது. வெல்டரைக் கேட்காமல் கூண்டைத் தொடாதே என்று வீபேயே ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இலோயிலோவிலிருந்து அண்ணன் தீனோ வீடியோவில் வந்தார்.

"என்னடா, கடைசியில வேலை கெடச்சுதாமே. என்ன வேலை?"

ரெனாந்தே வாயைத் திறந்தான். கூண்டு, இணைப்பு, நூற்றுப் பன்னிரண்டு எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கூசியது.

"ஒண்ணுமில்ல, மனோங்" என்றான். "சும்மா கூடமாட ஒத்தாசைதான்."

அடுப்படியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த மெர்லிண்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள்.