ஒரு வருஷமா, நாலு வருஷமா?

காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தாறு வயதில் கல்லூரி நேர்காணலுக்குப் போகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் மகளின் செருப்புமாகத் தெருவில் இறங்கிவிட்டேன். கணவர்தான் பார்த்தார்.

"படிக்கப்போறது நீ மட்டுமா, இல்ல ரெண்டு பேருமா?" என்றார். லிஃப்ட் மெக்கானிக். கிண்டலுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

நான் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு உதவியாளர். விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது எல்லாம் என் பாடு. துடைக்கும்போது ஏதாவது கண்ணில் பட்டால், "போய் நர்ஸ்கிட்ட சொல்லு" என்பார்கள். சொல்வேன். சொல்லிவிட்டு வந்து மறுபடியும் துடைப்பேன். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு மனசு அரிக்கும்.

அதனால்தான் நர்சிங் படிக்கக் கிளம்பினேன். கல்லூரியில் இரண்டு படிப்பு. ஒன்று, ஒரு வருஷ நர்சிங். காயத்துக்குக் கட்டுப் போடலாம், மருந்து கொடுக்கலாம், ஊசி போடலாம். ஆனால் மேலே இருக்கும் பதிவு பெற்ற நர்ஸ் சொல்கிறபடிதான். இன்னொன்று, அந்தப் பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கான நாலு வருஷப் பட்டப்படிப்பு. இரண்டுக்கும் விண்ணப்பித்திருந்தேன். நாலு வருஷத்துக்குப் போட்டதை வீட்டில் என் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூடவே கணவரும் நாத்தனாரும் வந்தார்கள். நாத்தனார், கணவரின் அக்கா. என் மகள் அவருக்கு வைத்த பெயர் ஊசி அத்தை. ஒரு வருஷப் படிப்பை முடித்து, கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகிறது. அழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியாமல் ஊசி போட்டுவிடுவார். அவர் கையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

"ஒரு வருஷம் படி. அடுத்த வருஷம் யூனிஃபார்ம். நாலு வருஷம்னு உக்காந்தா உன் பொண்ணே உனக்கு ஜூனியரா வந்து நிப்பா" என்றார் பஸ்ஸில். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"எதைக் கேட்டாலும் கடைசியில, 'பெரிய நர்ஸ்கிட்ட உடனே சொல்வேன்'னு முடி. நாம பாக்கணும், செய்யணும், சொல்லணும். முடிவெடுக்கறது அவங்க. புரிஞ்சுதா?" கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு படிப்புக்கும் நேர்காணல் எதிரெதிர் அறைகளில். ஒரு வருஷ அறையில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஆசிரியை கேட்டார்.

"வயசானவர். சலைன் ஏறிட்டிருக்கு. திடீர்னு மூச்சு வாங்குது. என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வியை நான் வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். "சலைனை நிறுத்துவேன். நிமிர்ந்து உக்கார வைப்பேன். ஆக்சிஜன் அளவு பாப்பேன். எவ்வளவு ஏறியிருக்கு, எவ்வளவு சிறுநீர் போயிருக்குன்னு பாப்பேன். கால் வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பாப்பேன். தண்ணி அதிகமாகி நெஞ்சுல கோத்திருக்குமோன்னு டாக்டரைக் கேப்பேன்..."

மூச்சு விட நிறுத்தியபோதுதான் ஆசிரியையின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"பதிவு பெற்ற நர்ஸ்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

வழியெல்லாம் ஓதியது அத்தனையும் காற்றோடு போச்சு!

"சொல்வேன் மேடம். முதல்ல சொல்வேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு மறுபடியும் துடைக்கப் போகணும். அதத்தான் மேடம் இப்பவும் செஞ்சிட்டிருக்கேன்."

அவர் பேனாவை மூடினார். "அனுபவம் இருக்கு. இங்க இப்பவே உங்களுக்கு இடம் தரேன். ஆனா எடுத்துக்கிட்டா எதிர் அறையில உங்க பேரை அடிச்சிருவாங்க. வேண்டாம்னா இது அடுத்தவங்களுக்குப் போயிரும். அங்க கிடைக்குமான்னு நான் சொல்ல முடியாது. வெளியில பேசிட்டு வாங்க."

வெளியே வந்து ஒரே மூச்சில் சொன்னேன். நாத்தனாருக்குக் கோபம் தலைக்கேறியது. "கையில குடுக்கறத வேண்டாம்னு சொல்வியா? உனக்கென்ன பைத்தியமா?"

லிஃப்ட் கதவில் காது வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்த கணவர் திரும்பினார். "அங்க கிடைக்கலன்னா?"

"அடுத்த வருஷம் மறுபடியும் வருவேன்."

"அதுக்கடுத்த நாலு வருஷமும் வீட்ல நான்தான் சமைக்கணுமா?"

"ஆமா."

"சரி, போ. உப்பு சரியில்லைன்னு மட்டும் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

எனக்கு அந்த மனுஷனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் போல் இருந்தது. ஆசிரியையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர் அறைக்குள் போனேன். பயமா சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான்.

அங்கே ஒரு பெண்மணியும் ஒரு ஆணும். கணக்கு, அறிவியல் மதிப்பெண்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் உயிர் போய் வந்தது. கடைசியில் அந்தப் பெண்மணி கேட்டார்.

"நீங்க பொறுப்பு நர்ஸ். உங்களுக்குக் கீழ இருக்கறவங்க வந்து ஒரு நோயாளியப் பத்தி, 'அவர் சரியில்ல'ங்கறாங்க. என்னன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல. ரத்த அழுத்தம், நாடி எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்கோ தலைக்கு மேல வேலை. என்ன செய்வீங்க?"

"எழுந்து போவேன்."

"அளவெல்லாம் சரியா இருந்தாலும்?"

"போய்ப் பாப்பேன் மேடம். அவரைப் புரட்டிப் போடறவங்களுக்குத் தெரியும், நேத்து அவர் எப்படி இருந்தார்னு. சும்மா வந்து சொல்ல மாட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர்க்கைச் சீட்டு என் கைக்கு வந்தபோது அதைப் படிக்க முடியவில்லை, கண் அவ்வளவு கலங்கியிருந்தது.

வெளியே ஓடினேன். "கிடைச்சிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கணவர் சீட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் படித்தார்.

நாத்தனார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப இனிமே ஏதாவதுன்னா, நான் உன்கிட்ட வந்து சொல்லணும்?" என்றார். குத்தலாகத்தான் கேட்டார்.

"ஆமா அண்ணி. நீங்க வந்து சொன்னா, நான் எழுந்து வருவேன்."

பதிலுக்குச் சுருக்கென்று ஏதாவது வரும் என்று பார்த்தேன். அவரோ ஊசி போட்டுப் போட்டுப் பழகிய தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வருவியா?" என்றார், மெதுவாக. "இத்தனை வருஷத்துல நான் சொல்லி யாரும் எழுந்து வந்ததில்ல."