நீலக் கரை

"பச்சையா, கறுப்பா?" அச்சகக்காரர் திராகோ கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். இறந்தவர் முஸ்லிம் என்றால் மரண அறிவிப்புக்குப் பச்சைக் கரை, கிறிஸ்தவர் என்றால் கறுப்பு. போஸ்னியாவில் கம்பத்தில் ஒட்டிய தாளைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே யார் வீட்டுச் சாவு என்று தெரிந்துவிடும்.

"நீலம்," என்றாள் செங்கா. எந்த மதமும் வேண்டாம் என்றவர்களுக்கு நீலம். அவளுடைய அப்பா நியாஸ் அன்று விடியற்காலையில்தான் போயிருந்தார்.

கூட வந்த சித்தப்பா ஃபெஹீமுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நீலம் போட்டா நம்ம ஆளுங்களும் வர மாட்டாங்க, அவங்க ஆளுங்களும் வர மாட்டாங்க. என் அண்ணன் அநாதையாப் போகணுமா?"

"வராதவங்க வராம இருக்கட்டும் சித்தப்பா. அவரு உயிரோட இருக்கும்போது எழுதிக் குடுத்த வார்த்தைய நான் மாத்த மாட்டேன்."

அந்த வார்த்தை 'மற்றவர்'. போர் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் விமானத்தளம் ஒன்றில் உட்கார்ந்து எழுதி வாங்கிய ஒப்பந்தத்தில் நாட்டுக்கு மூன்று இனங்கள்: முஸ்லிம்கள் ஒன்று, கிறிஸ்தவர்கள் இரண்டு. நான்காவதாக, போனால் போகிறதென்று, 'மற்றவர்கள்'. கையோடு வரைபடத்தில் இழுத்த கோடு ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றை ஒரு பக்கமும் ஊரில் பாதியை மறுபக்கமும் தள்ளியது. ஒரே குழாய்க்கு இரண்டு குடிநீர் வாரியம் என்றார்கள். படிவத்தில் தன் இனத்தைக் குறித்துக் கொடுத்தால், குழாய் வேலை பார்த்துவந்த நியாஸ்தான் அதில் ஒன்றுக்கு இயக்குநர். அவர் படிவத்தில் 'மற்றவர்' என்று எழுதினார். "நீங்க நாளைக்கே மூட்டை கட்டிட்டுப் போயிடுவீங்க. நாங்க எல்லாரும் இதே தண்ணியத்தான் குடிக்கணும்," என்று வெளிநாட்டுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டு வால்வு திருப்பப் போனார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபத்திரண்டு வருடம் திருப்பினார். அந்த நாற்காலியில் உட்காராத அப்பாவை நினைத்தால் செங்காவுக்கு இன்றும் தலை நிமிரும்.

கோட்டின் இரு பக்கமும் கம்பம் கம்பமாக அவளே ஒட்டினாள். சித்தப்பா துணைக்கு வரவில்லை. மதியம்வரை பக்கத்து வீட்டாரைத் தவிர துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. ஒப்பந்தம் எழுதிய வெளிநாட்டுக்காரர்களின் அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையம் மட்டும் வந்தது. அதன் நாடாவில் இரங்கல், இனத்துக்கு ஒன்றாக மூன்று மொழியில். மொழிக்குப் பெயர்தான் மூன்று, வார்த்தைக்கு வார்த்தை எல்லாம் ஒன்றே. செங்காவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

மூன்று மணிக்கு வாசலில் பூட்ஸ் சத்தம். கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிநீர் வாரிய ஆட்கள் ஒன்பது பேர், சேறு படிந்த வேலை உடுப்போடு. மூத்தவர் மிலோராத் தொப்பியைக் கழற்றினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா? பெட்டிக்கு முதல் தோள் நாங்க குடுக்கறோம்."

மூலையில் கிடந்த சித்தப்பா விருட்டென்று எழுந்தார். "தம்பி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உங்களுக்கு என்னய்யா முதல் தோள்? பின்னால வாங்க!"

"சரி, ரெண்டாவது எங்களுது. விட்டுக் குடுக்க மாட்டோம்."

சித்தப்பா மேசையில் மிஞ்சிய தாளில் ஒன்றை உருவிக்கொண்டு வெளியே போனார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுச் செங்கா தேடிப் போனபோது, மசூதி அறிவிப்புப் பலகையில் பச்சைகளுக்கு நடுவே நீலத்தை வைத்துக் குத்திக்கொண்டிருந்தார், வாயில் இரண்டு குண்டூசியோடு.

"கோணலா இருக்கா பாரு."

கொஞ்சம் கோணல்தான்.

"இல்ல சித்தப்பா," என்றாள்.