வெளியே போட்ட தாழ்ப்பாள்

மருந்துக் கடைக்காரர் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க எழுந்தால் இருமுகிறவர்கள்கூட அடக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். அந்த நல்ல பெயருக்குத்தான் கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பங்கம் வந்தது. நினைவு தப்பிப்போன அவருடைய அப்பா பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, "சாப்பாடு எப்பப் போடுவாங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பாதிக் கோயில் சிரித்தது.

அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. அப்பா காலையிலேயே குளித்து, கோட்டும் ஷூவும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். மகன் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லி, வெளியே தாழ்ப்பாள் போட்டார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பண்டிகை வாரம், கடையில் கூட்டம். வாசகத்தை முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. கோயிலில் எழுந்துபோய்ப் புத்தகத்தைத் திறந்தால், வயதான தகப்பனுக்குத் துணையாக இரு, புத்தி மங்கினாலும் பொறுத்துக்கொள் என்றிருந்தது. எப்படியோ முடித்தார். பூசைக்குப் பின் இரண்டு பேர் கையைப் பிடித்துப் பாராட்டியபோது உடம்பு கூசியது.

அப்பா எங்கே என்று பூசை வைத்த சாமியார் கேட்டார். காய்ச்சல் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் நற்கருணை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்று அவர் கையோடு கிளம்பிவிட்டார். தடுக்க ஒரு சாக்கும் அகப்படவில்லை.

அறை வாசலில் சாமியாரின் கண் தாழ்ப்பாளில் ஒரு கணம் நின்றது. உள்ளே அப்பா கோட்டு கசங்காமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்ததோ.

"நான்தான் தாப்பா போட்டுட்டுப் போகச் சொன்னேன், சாமி. எங்கயாவது எழுந்து போயிடுவேன் பாருங்க."

அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆசைப்பட்டதுதான் பின்னாளில் மகனை அதிகம் அரித்தது.

"இல்ல சாமி," என்றார், தலை நிமிராமல். "அவரு சொல்லல. காய்ச்சலும் இல்ல. எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான் அடைச்சு வச்சேன்."

சாமியார் அப்பாவுக்கு நற்கருணை கொடுத்தார்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வாசிக்க வேறு ஆளைப் பார்க்கும்படி மருந்துக் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அன்று கடைசிப் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு நடுவில், இது யாரு கல்யாணம் என்று அப்பா உரக்கக் கேட்டார். தலைகள் திரும்பின. மகனுக்குக் காது சுட்டது. வெட்கம் அத்தனை சீக்கிரம் விடுவதாயில்லை. ஆனாலும் அப்பாவின் பக்கம் குனிந்தார்.

"கல்யாணம் இல்லப்பா. ராஜாக்கள் வந்திருக்காங்க."