சுருட்டிய காலுறை

என் கணவர் ராய்ச்சோ முப்பத்தொரு வருடம் பல்கேரியாவின் ரூசே நகரில் டிராலிபஸ் ஓட்டினார். சாலையைப் பார்த்ததைவிட உள்கண்ணாடியில் பயணிகளின் பைகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவருடைய தங்கை கின்கா கேலி செய்வாள். எத்தனையோ கைபேசிகள் களவுபோனதை அந்தக் கண்ணாடியில் பார்த்தவர். தன்னுடையதை ஒரு நாளும் சட்டைப்பையில் வைத்ததில்லை.

என் கைபேசியிலிருந்தே அவருடையதை அழிக்கும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார்.

“திருடு போச்சுன்னா யோசிக்காத, பென்கா. இதை அமுக்கு. எல்லாம் அழிஞ்சிடும்.”

“திருடன் அணைச்சு வெச்சிருந்தா?”

“காத்திருக்கும். என்னிக்கு உயிர் வந்து நெட்ல சேருதோ, அன்னிக்கு அழிக்கும்.”

“உங்களைவிடப் பொறுமைசாலிதான்” என்றேன்.

பிப்ரவரியில் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஃப்ளூ பரவியதால் பார்க்க யாரையும் உள்ளே விடவில்லை. ஐந்தாம் நாள் போனில் பேசினார். மூச்சு வாங்கியது.

“உனக்காகக் கொஞ்சம் கொஞ்சமாப் பேசிப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். இப்ப அனுப்ப மாட்டேன், அழுவ. வீட்டுக்கு வந்து நானே போட்டுக் காட்டறேன்.”

மறுநாள் அவர் எண் அணைந்திருந்தது. வார்டுக்கு அழைத்தேன்.

“தூங்கறாரும்மா. போனா? மேசை மேல எதுவும் இல்லையே” என்றார் நர்ஸ்.

கின்கா பக்கத்தில் நின்றாள். “அடிச்சிட்டானுங்க, அண்ணி! அமுக்குங்க. அண்ணன் என்ன சொல்லிச்சு?”

பதிவுகள் போனால் என்ன, ஆளே வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அமுக்கினேன். அன்று மாலை அவர் இறந்துவிட்டார்.

மருத்துவமனை கொடுத்த பையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கில் படைக்கக் கின்கா கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவில் ஒட்டும் இரங்கல் தாளுக்குப் படம் வேண்டும். ஓட்டுநர் அட்டையைத் தேடிப் பையைத் திறந்தேன். அட்டை கிடைத்தது. கூடவே, சுருட்டி வைத்த கம்பளிக் காலுறைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

யாரும் திருடவில்லை. சார்ஜ் தீர்ந்து உள்ளேயே கிடந்திருக்கிறது.

சார்ஜரில் செருகினேன். எங்கள் கல்யாண வருடத்தைப் போட்டதும் திறந்தது. ஏழு பதிவுகள். முதலாவதைத் தொட்டேன்.

“பென்கா, சிரிக்கக் கூடாது, என்ன? நான் வந்து…”

திரை கறுத்தது. சார்ஜ் போதவில்லை என்று நினைத்தேன். கரண்டியோடு வந்த கின்கா என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்ததையும் பார்த்தாள்.

“அண்ணி… அன்னிக்கு அமுக்கினதை ரத்து பண்ணீங்களா?”

ரத்து செய்ய ஒரே ஒரு தொடுதல் போதும். நாற்பது நாளில் அது என் நினைவுக்கே வரவில்லை. வீட்டு வைஃபையில் கைபேசி தானாகவே சேர்ந்துகொண்டிருந்தது.

திரை வெள்ளையாக மீண்டும் ஒளிர்ந்தது. ‘வருக. மொழியைத் தேர்ந்தெடுங்கள்.’

கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். “உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஜாக்கிரதையான ஆளும்மா. ஒண்ணும் மிச்சமில்லை.”

இரங்கல் தாளில் ஓட்டுநர் அட்டையிலிருந்த படத்தைத்தான் போட்டோம்.

“யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கே, அண்ணி” என்றாள் கின்கா, பசையைத் தடவியபடி.

“கண்ணாடியைப் பாக்கும்போது அப்படித்தான் இருப்பார்” என்றேன்.