கண்ணாடிப் படகில் புனித வாரம்

எலோயினா படகின் முன்பலகையில் உட்கார்ந்து, ஓட்டல்களில் மிஞ்சிய பன்களைக் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். மீனுக்குப் போடும் பன்னுக்கும் ஒரு பக்குவம் உண்டு. பெரிதாகக் கிள்ளினால் ஒரே மீன் கவ்விக்கொண்டு ஓடிவிடும். பொடியாக்கினால் தண்ணீரில் கரைந்துபோகும். கரையில் ஜனங்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். புயலுக்குப் பிறகு மெக்சிகோவின் அகபுல்கோவுக்கு வந்த முதல் புனித வாரம் அது. மலைச்சரிவு ஓட்டல்களில் பாதிக்கு இன்னும் சன்னல் இல்லை. மீதிப் பாதியின் பால்கனிகளில் துண்டுகள் காய்ந்தன. அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் ஊர் பிழைத்துவிட்டது என்று கடற்கரையில் பேசிக்கொண்டார்கள்.

படகுக்கு நடுவில் அடிப்பலகைக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி. சுற்றி உட்கார்ந்து குனிந்தால் கடலின் அடி தெரியும். இப்படி மூன்று படகு வைத்திருந்த எவரார்தோவுக்குப் புயல் ஒன்றைத்தான் மிச்சம் வைத்தது. அந்த ஒன்றையும் ஒட்டுப்போட்டு ஓட்டுகிற மனிதர், நபோரின் பெண்டாட்டி பட்டினி கிடக்கக் கூடாது என்று எலோயினாவைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நபோர் தலைநகரத்துப் பணக்காரர் ஒருவருடைய உல்லாசப் படகில் மாலுமி. புயல் வருகிறதென்றால் இந்த ஊர் மாலுமிகள் படகைத் தீவின் மறைவுக்குக் கொண்டுபோய் நங்கூரமிடுவார்கள். காற்றுக்கு எதிர்முகமாக எஞ்சினை ஓடவிட்டு, விடியும்வரை படகிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வருஷா வருஷம் செய்வதுதான். இந்தத் தடவை காலையில் ரேடியோ சாதாரண மழை என்று சொன்ன புயல், பொழுது சாய்வதற்குள் பூதமாகிவிட்டது. படகை விட்டு இறங்காதே என்று முதலாளி தலைநகரத்திலிருந்து போனில் சொன்னாராம். நபோர் வீட்டுக்கும் பேசினான். பீன்ஸை மூடி வை, காலையில் வந்து சாப்பிடுகிறேன் என்றான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடற்படை தேடித் தேடி ஓய்ந்தது.

செத்தவர் கிடந்த தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, ஒன்பது நாள் ஜெபம் சொல்லி, பிறகு அந்தச் சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிக் கல்லறையில் சேர்ப்பது வழக்கம். எலோயினா எந்தத் தரையில் சிலுவை போடுவாள்? ஜெபம் சொல்லும் செனோபியா அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "அவன் கிடக்கிற எடம் தெரிஞ்சா அந்த மண்ணையாவது ஒரு பிடி கொண்டா. வெறுஞ் சுண்ணாம்புல நான் சிலுவை போட மாட்டேன். அவன் வழி தெரியாம அலைவான்." அதனால் ஈஸ்டர் நெருங்கியும் எலோயினா கறுப்பு உடுத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. கடைத்தெருவில் யாராவது "எதாவது சேதி உண்டா?" என்று கேட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

படகு முதலில் கடலடி மாதாவின் சிலைக்குப் போகும். அடுத்து எவரார்தோ இந்த சீசனுக்குப் புதிதாகச் சேர்த்த இடம். மைக்கில் அதை 'புயல் விழுங்கிய படகு' என்பார். எலோயினா அங்கே குனிந்து பார்ப்பதில்லை. முன்பக்கத்திலேயே நின்று பன்னும் குளிர்பானமும் கொடுப்பாள். அது வேற ஊர்ப் படகு அண்ணி என்று கிரிஸ்பின் சொல்லியிருந்தான். கிரிஸ்பின் முங்குகிறவன். நபோருக்கு உயிர்த் தோழன், எலோயினாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். கண்ணாடிக்கு அடியில் நீந்தி நட்சத்திரமீன், ஊதுமீன் என்று எதையாவது எடுத்துக் காட்டுவது அவன் வேலை.

அன்று அந்த இடத்தில் நிற்கும்போது பெரிய தொப்பி போட்ட ஒரு அம்மாள் குளிர்பானம் கேட்டதால் எலோயினா கண்ணாடியருகே போக நேர்ந்தது. அந்த நேரம் கிரிஸ்பின் பாம்புச் சட்டை போல நீளமாக ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று உள்ளங்கையால் பாசியைத் துடைத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். நீலத் துணி. பாதிவரை நீலத் தையல், அதற்குமேல் சிவப்பு.

படகின் ஓரம் துறையில் மோதாமல் தொங்கவிடும் ரப்பர் உருளைக்கு அவள் தைத்துக் கொடுத்த உறை அது. பாதியில் நீல நூல் தீர்ந்து, மழையில் கடையும் சாத்தியிருந்ததால் சிவப்பில் முடித்தாள். முதலாளிக்குக் கண்ணு தெரியாது, உனக்கு நல்ல காலம் என்று நபோர் சிரித்தான். உறையைத் தைத்தது யாரென்று கிரிஸ்பினுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டான்.

எலோயினா கையிலிருந்த குளிர்பானத்தை அந்தத் தொப்பி அம்மாளிடம் நீட்டினாள். கத்தவில்லை. படகு நிறைய விருந்தாளிகள். கரை சேரும்வரை எல்லோருக்கும் பன் கொடுத்தாள். கரையில் கிரிஸ்பினின் ஈரக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது யார் படகு?"

அவன் மணலைப் பார்த்தான். "முதல் தடவ முங்கினப்பவே படகோட பேரப் படிச்சிட்டேன் அண்ணி. சீசன் முடியட்டும்னு நம்ம முதலாளி சொன்னார்."

"என் முகத்தப் பாத்து வேற ஊர்ப் படகுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"உள்ள பாத்தியா?"

"கேபின் கதவு பாதிக்கு மண்ணு மூடிக் கெடக்கு. உள்ள போகல. அங்க அவன் இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றவன் அழுதுவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எவரார்தோ எதையும் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கடற்படைக்குச் சொன்னால் அந்தக் கடலையே கயிறு கட்டி மூடுவார்கள் என்றார். பிணம் தேடுகிற இடத்துக்கு யார் குடும்பத்தோடு வருவார்கள்? அங்கே நிறுத்தாமலாவது போங்களேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். இப்போது ஜனங்கள் மாதாவை விட அதைத்தான் கேட்டு வருகிறார்கள் என்றார்.

"செத்தவன் காத்திருப்பான் எலோயினா. இந்த ஜனங்க காத்திருக்க மாட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் நானே போய்ச் சொல்றேன், மாதா மேல சத்தியம்."

அவள் சுற்றிப் பார்த்தாள். மீன் வறுக்கிறவள், முடி பின்னிவிடுகிறவள், மாங்காய் விற்கிறவள் என்று எல்லோரும் புயலுக்குப் பிறகு அரை வயிறாகக் கிடந்தவர்கள். இந்த வாரம்தான் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. அவள் வீட்டு அடுப்பும் அப்படித்தான். அவர் பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். சொன்னது பொய்யில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"அப்படின்னா நாளைக்கு இவன் உள்ள போகணும். ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரணும்."

எவரார்தோ தலையாட்டினார். எலோயினா அந்த உறையைக் கிரிஸ்பினிடமிருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அலசி, ஒரு முனையைத் தைத்துப் பையாக்கினாள். சிவப்பு நூலாலேயே தைத்தாள்.

மறுநாள் படகில் உட்கார இடமில்லை. கிரிஸ்பின் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பையோடு குதித்தான். எலோயினா அன்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் மண்டியிட்டாள். சாய்ந்து கிடந்த வெள்ளைப் படகு தெரிந்தது. கிரிஸ்பின் கதவின் மேல்பாதி வழியாக நுழைவதும் தெரிந்தது.

"பாருங்க, உள்ளயே போறான்" என்று எவரார்தோ மைக்கில் சொன்னார். ஜனங்கள் போனை நீட்டினார்கள். நேரம் போயிற்று. அவன் வெளியே வரவில்லை. எவரார்தோ மைக்கை இறக்கினார். எலோயினா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மணற்புகை கலங்க, பையை மார்போடு அணைத்தபடி அவன் வந்தான். கண்ணாடிக்கு அடியில் அவன் முகம் வெளுத்திருந்தது. காட்டு, காட்டு என்று ஜனங்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை முகங்களுக்கு நடுவில் எலோயினாவின் முகத்தைத் தேடிப் பிடித்தான். மெதுவாகத் தலையை அசைத்தான். நபோர் உள்ளேதான் இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தட்டல் நிற்காததால் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கண்ணாடியில் வைத்தான். அது விரலிடுக்கில் வழிந்து இறங்கியது.

"மண்ணா? இவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி.

கொடுத்த காசுக்கு இதுவா என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். எவரார்தோ எலோயினாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "இப்போ எல்லாரும் பன் போடலாம். மீன் வரும்."

கைகள் நீண்டன. எலோயினா எழுந்து வாளியை எடுத்தாள். ஒவ்வொரு கையிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டே போனாள். அவர்கள் குனிந்து படகின் ஓரமாகப் போட்டார்கள். மஞ்சள் வரி மீன்கள் திரண்டு வந்து கண்ணாடியை மூடின. கீழே எதுவும் தெரியவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள்.