பதினேழாம் ஜாயின்ட்டின் உப்பு முடிச்சு

இன்ஸ்பெக்டர் சில்வெஸ்டரின் சட்டைப் பையில் இருக்கும் காந்தம் பொய் சொல்லாது என்பது பெங்களூரு பைப் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அவர் ஒக்கலிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது, எதிரே லாரியில் போன போலி எவர்சில்வர் பைப்புகள் அந்தக் காந்தத்துக்கு பயந்து தாமாகவே துருப்பிடித்துக்கொண்டனவாம். லாரிக்காரர் இன்றுவரை அந்தப் பக்கம் வருவதில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

அப்பேர்ப்பட்டவர் அன்று பொம்மனஹள்ளியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், ஏணி உச்சியில், காந்தத்துக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். பைப்பில் காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர்தான். சிரப் காய்ச்சும் கூடத்துக்கு எண்பது டிகிரி வெந்நீர் கொண்டுபோகிற பைப். சூடு இறங்காமலிருக்கச் சுற்றிலும் கனத்த பஞ்சு, அதன்மேல் அலுமினியத் தகடு. நாற்பத்தொரு ஜாயின்ட்டில் நாற்பது சமர்த்தாக இருந்தன. பதினேழாவது மட்டும் ஒரு வருஷத்தில் மூன்று முறை ஒழுகிவிட்டது.

அந்த ஜாயின்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் வெல்டு வைத்தவர் கிளெமென்ட். மேனேஜர் சிவசங்கரன் காகிதத்தைத் தயாராகவே வைத்திருந்தார். ‘வெல்டிங் சரியில்லை’ என்று சில்வெஸ்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் கிளெமென்ட்டின் வெல்டர் சர்டிஃபிகேட் போய்விடும். நாற்பத்தாறு வயதில் அது போனால், ஓசூர் ரோடு முழுக்க நடந்தாலும் அவருக்கு எந்தத் தொழிற்சாலை கேட்டும் திறக்காது. அது தெரிந்தும் கிளெமென்ட் கீழே நின்று ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், மேலே இருக்கிறவர் விழுந்துவிடக் கூடாதே என்று.

“உங்களுக்கு என்ன தெரியுதோ அதையே எழுதுங்க சார்” என்றார். “மூணு தடவை ஆச்சு. எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு.”

சில்வெஸ்டர் ஜாயின்ட்டில் சிவப்புச் சாயம் பூசினார், காத்திருந்து துடைத்தார், வெள்ளைப் பொடி தூவினார். விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே சாயம் ஊறி வெளியே வரும். வந்தது. ஆனால் வெல்டின் மேல் ஒரு புள்ளி சிவப்பு இல்லை. அதை ஒட்டிய பைப்பில்தான், மரத்தின் வேர்போலக் கிளை பிரிந்து ஓடியது. வெல்டு வைத்த இடத்தின் ஓரத்தில் உலோகம் விறைத்து இழுபட்டு நிற்கும். அந்தச் சூட்டில் உப்பு பட்டால் இப்படித்தான் பிளக்கும். அதுவும் வெளியிலிருந்து உள்ளே.

வெளியில் ஏது உப்பு? ஈரமாயிருந்த பஞ்சை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அந்த நாக்கும் லேசுப்பட்டதல்ல. வைட்ஃபீல்டில் ஒரு தம்ளர் மோரைக் குடித்துவிட்டு, அதில் உப்புப் போட்டவர் இடக்கைக்காரர் என்று சொன்ன நாக்கு. இப்போதும் அது தயங்கவில்லை. கல் உப்பு என்றது.

சிவசங்கரன் சிரித்தார். பஞ்சு சோதித்து வாங்கியது, தண்ணீர் சுத்திகரித்தது, பொம்மனஹள்ளியில் கடல் கிடையாது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். உப்பு எங்கிருந்து வந்ததென்று காட்ட முடியாவிட்டால் தன் காகிதத்திலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். சில்வெஸ்டர் இன்னொரு துண்டு பஞ்சைப் பிய்த்து நாக்கில் வைத்தார், அதுவும் கல் உப்புதான்.

அப்போதுதான் துப்புரவு வேலை பார்க்கும் எல்லம்மா வந்து ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் வெள்ளைத் துணி முடிச்சு, தேங்காய் அளவுக்கு.

“ஆயித்தாண்ணா? முடிஞ்சுதுன்னா கட்டிடலாமா?”

“இன்னும் இல்லம்மா” என்றார் கிளெமென்ட். ஒவ்வொரு முறை ரிப்பேருக்கும் ஜாயின்ட் தகட்டில் தொங்கும் அந்த முடிச்சை மரியாதையாக அவிழ்த்து அவள் கையில் கொடுப்பதும், வேலை முடிந்ததும் அவள் திரும்பக் கட்டுவதும் அவருக்குப் பழகிப்போயிருந்தது. மாதாவைக் கும்பிடுகிறவர்தான், ஆனால் தனக்காக ஒருத்தி செய்வதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சில்வெஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்குமேலே குளிர்நீர் பைப் ஒன்று வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது, சரியாக முடிச்சு தொங்கும் இடத்துக்கு.

அவர் கேட்கக் கேட்க எல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஒருநாள் அவள் மயங்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் கிளெமென்ட். அவர் இந்தத் தொழிற்சாலையில் வைத்த முதல் ஜாயின்ட் இது. கண் பட வேண்டாமென்று போன ஆயுத பூஜையன்று எலுமிச்சை அளவில் ஒரு கல் உப்பு முடிச்சு கட்டினாள். ஒழுகியது. ஆரஞ்சு அளவில் கட்டினாள். மறுபடி ஒழுகியது. தேங்காய் அளவில் கட்டினாள், மூன்றாம் முறையும் ஒழுகியது.

“முடிச்சு காலியாச்சுன்னா திருஷ்டி கரைஞ்சுதுன்னு அர்த்தம் சார். இங்க வாரம் ஒண்ணு கரையுது. அண்ணன் மேல எத்தனை கண்ணுன்னு பாருங்க.”

சில்வெஸ்டர் மெதுவாக இறங்கி வந்தார். முடிச்சிலிருந்து கரைந்த உப்பு தகட்டின் இடுக்கு வழியே உள்ளே இறங்கியிருக்கிறது, உள்ளே இருப்பது எவர்சில்வர், சூட்டில் அதற்கு உப்பு ஆகாது என்றார். எல்லம்மா தகட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எவர்சில்வரா? மேல அலுமினியம்தானே தெரியுது? ஊறுகாயை எவர்சில்வர்ல வச்சா ஓட்டை விழும்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்ல ஜாடியிலதான் வைக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.” கையிலிருந்த முடிச்சைக் கீழே வைத்தாள். “அப்ப அண்ணனை நான்தான் கெடுத்தேனா?”

“என் கை நல்லாத்தான் இருக்கும்மா” என்றார் கிளெமென்ட். அதைத் தனக்கும் சேர்த்துச் சொன்னதுபோலத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சிவசங்கரன் எல்லம்மாவைத் திட்ட வாயைத் திறந்தார். தன் கேபின் ஏசியில் தொங்குகிற முடிச்சு நினைவுக்கு வந்தது. போன மாதம் அவரே எல்லம்மாவிடம் கேட்டுக் கட்டிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டார்.

சில்வெஸ்டர் ரிப்போர்ட்டை அங்கேயே எழுதினார். வெல்டில் குறை இல்லை. வெளியிலிருந்து வந்த உப்பினால் விரிசல். உள்ளே இருக்கும் உலோகம் இன்னதென்று தகட்டின்மேல் எழுதாதது நிர்வாகத்தின் குறை. சிவசங்கரன் தன் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புதுத் துண்டு பைப்புக்குக் கிளெமென்ட்டே வெல்டு வைத்தார். பஞ்சுக்கு அடியில் மெல்லிய அலுமினியத் தாள் சுற்றி, தகட்டின் இடுக்குகளை அடைத்து, தொழிற்சாலை முழுக்க எல்லா பைப்பின் மேலும் உள்ளே என்ன உலோகம் என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதினார்கள்.

முடிச்சு மட்டும் மிச்சம். அதைக் கட்ட இடம் தேடி சில்வெஸ்டர் காந்தமும் கையுமாக ஒரு மணி நேரம் அலைந்தார். முப்பது வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவர் எந்த உலோகத்தையும் தேர்ந்தெடுத்ததில்லை. கடைசியில் கேட் அருகே ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தட்டிப் பார்த்து, சரி என்றார்.

எல்லம்மா எலுமிச்சை அளவில் ஒன்று கட்டி, சொட்டினால் பிடிக்க அடியில் பிளாஸ்டிக் மக் ஒன்றும் வைத்தாள்.

“ஜாயின்ட் அந்தக் கோடியில இருக்கே, இங்கிருந்து வேலை செய்யுமா?” என்று கேட்டார் கிளெமென்ட்.

“அதுக்கெல்லாம் பைப் லைன் வேணாம்ணா” என்றாள் எல்லம்மா.