நஸீம் சேரின் இரண்டாம் பாகம்

மையத்தைச் சுற்றிய கபன் துணியின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் மீராசா வந்து சேர்ந்தார். மையத்து வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பழைய சஞ்சிகையைக் கொண்டுவந்திருந்தார். காலையில் கணவர் கண்ணை மூடியதிலிருந்து அந்நிய ஆண் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இத்தா இருக்கும் சுஹறா, துணி நீக்கலால் அதன் அட்டையைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள்.

"வந்திட்டுதுகா," என்றாள் தங்கை ஹப்ஸாவிடம். "இது வருமெண்டு அப்பவே சொன்னன். சொல்லச் சொல்லக் கேக்காத மனிசன்."

சஞ்சிகையில் இருந்தது அவள் கணவர் நஸீம் சேரின் கட்டுரை. அட்டாளைச்சேனைக் கலாசாலையில் வரலாறு படிப்பித்தவர். ஐரோப்பாவில் அறிவொளிக் காலம் என்று ஒன்று இருந்ததாம். அரசனுக்கு ஆளும் உரிமையைக் கடவுளா கொடுத்தார் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டார்களாம். அதிலேயே ஆயுளைக் கழித்தார். கழித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவருக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. ஒருவரை மறுப்பதானால், முதலில் அவர் பக்கத்தை அவரைவிட நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பார். அப்படித்தான் மதமே வேண்டாம் என்றவர்களின் வாதத்தை முதல் பாகமாக எழுதி அச்சுக்குக் கொடுத்தார். மறுமொழியை முதலில் போடச் சொல்லிச் சுஹறா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். எதிராளிக்கு மரியாதை வேண்டும் என்றார் அவர். மறுமொழியான இரண்டாம் பாகத்தைச் சுனாமி கொண்டுபோனது. அன்றிலிருந்து திரும்ப எழுதினார், வெட்டினார், எழுதினார். வடக்கில் சண்டை முடிந்துவிட்டதென்று கல்முனை பஜாரில் வெடி கொளுத்தும் இந்த வாரத்தில், அதை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

மீராசா திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"சுஹறா ராத்தா, மனசுல வெச்சிக்காதீங்க. பள்ளியில நாலு பேர் கேக்காங்க. இப்பிடி எழுதினவருக்கு ஜனாஸா தொழுவிக்கலாமா, நம்மட மையவாடியில அடக்கலாமா எண்டு. அசர் தொழுகைக்கு முன்ன ஒரு முடிவு சொல்லணும்."

சுஹறாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மீராசாமேல் பாதி, வெள்ளைத் துணிக்குள் ஒன்றும் அறியாதவர்போல் கிடந்தவர்மேல் மீதி. இத்தாவில் இருந்துகொண்டு அந்நிய ஆணோடு கதைப்பதா என்று ஹப்ஸா கையைப் பிடித்தாள். சுஹறா உதறினாள்.

"மரைக்கார், வந்த விஷயத்த ஒழுங்காச் சொல்லத் தெரியல்லையே ஒங்களுக்கு. ஒங்கட பக்கத்த நான் சொல்றன், கேளுங்க. ஜும்ஆக்குப் போனா இவர் கடைசி வரிசை. குத்பாப் பிரசங்கம் முடிய ஹஸரத்துக்கிட்டப் போய் நொட்டை சொல்லுவார். வீடு நெறைய வெள்ளைக்காரன்ட புத்தகம். மதம் ராசாமார்ர கையில இருந்த பொல்லுதான் எண்டு இதுல கெடக்கு, ஊரே வாசிச்சிருக்கு. மறுமொழி எங்க எண்டு கேட்டா என்னாலயும் காட்ட ஏலா. அது கடலோட போச்சு. இப்பிடிப்பட்ட ஆள ஊர்ர மையவாடியில வைக்க ஒங்களுக்குப் பயம் வாறது நியாயந்தானே?"

மறுமொழியைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. முதல் பாகத்தோடு அவளும் நின்றுவிட்டாள். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் கடைசியில் தனக்கும் தொற்றிவிட்டதே என்று பல்லைக் கடித்தாள்.

"அப்பிடிச் சொல்லிப்போட ஏலா ராத்தா," என்றார் மீராசா. குரல் இறங்கியிருந்தது. "கடல் வந்த அண்டைக்கு என்ட மகள்ர மையத்த முதல்ல கண்டவர் சேர்தான். புள்ளைட உடுப்பெல்லாம் தண்ணி கொண்டு போயிட்டு. தன்ட சேட்டக் கழட்டிப் போத்திட்டு வெயிலுக்க நிண்டார். பொம்புளைகள் வாற வரைக்கும் ஒரு ஆம்புளைய அண்ட விடல்ல. என்னையும் மறிச்சார். 'என்ட புள்ள சேர்' எண்டன். அப்பதான் வழி விட்டார்."

கையிலிருந்த சஞ்சிகையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பள்ளிக்கு நான் சொல்லிக்கிறன்," என்றார் மீராசா. "தூக்குங்க. தலைப்பக்கம் நான் பிடிக்கன்."

அன்று வெறும் மேலோடு வீட்டுக்கு வந்த மனிதரைச் சுஹறா சேற்றுக்குள் நின்றுகொண்டு ஏசியிருக்கிறாள். பெருநாளைக்கு எடுத்த புதுச் சேட்டு. எங்கே என்று கேட்டதற்கு, விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சேட்டை அவள் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருப்பாள்! ஊர் உலகத்துக்கெல்லாம் வாதாடிய மனிதர், தன் பக்கத்தை ஒரு தரம் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

சுனாமி வீட்டுத் திட்டத்தின் ஒடுக்கமான வாசலில் மையத்தை ஏற்றிய சந்தூக்கைச் சரித்து வெளியே எடுத்தார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையில் நகர்ந்தது. ஹப்ஸா விம்மினாள். சுஹறா திரையை விரலளவு விலக்கினாள்.

"அசர் வாங்கு சொல்லிட்டாங்களாகா?"

"இன்னும் இல்ல ராத்தா."

"வாங்கு சொல்லி முடிஞ்ச பொறகுதான் இந்த மனிசன் செருப்புத் தேடவே தொடங்குற. இண்டைக்கு மட்டும் என்ன அவசரமாம்?"

சந்தூக்கு ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டது.